ஏழாம் நம்பருக்குச் சுற்றிய ஜிகினா

நாலு மணிக்குப் பட்டியல் மூடிவிடும். எந்த மிஷின் எவ்வளவு ஓடியது என்று தலைமை அலுவலகம் இணையத்தில் பார்த்து, ஓடாததன் பிளாஸ்டிக் மூட்டைகளையும் கரண்டையும் தேர்வாய் கண்டிகை யூனிட்டுக்குத் திருப்பிவிடும். கும்மிடிப்பூண்டி ஷெட்டில் ஏழாம் நம்பர் பத்து நாளாகத் திரையில் சிவப்பு. நின்று கிடக்கிறதாம்.

கங்கம்மாவின் கையிலோ வாளி மூடிகள் சுடச்சுட விழுந்துகொண்டிருந்தன.

பொன்னேரிப் பக்கம் நாற்று நட்டவள். பதினொரு வருஷமாக ஏழாம் நம்பரில் நிற்கிறாள், ஒப்பந்த ஆளாகவே. மிஷினுக்கு வேலை இல்லையென்றால் அவளுக்கும் இல்லை.

“ஓடிக்கினுதான கீது சார், சத்தம் கேக்கல?”

“எனக்குக் கேக்குதும்மா. அவுங்களுக்குக் கேக்கணுமே,” என்றார் சூப்பர்வைசர் துளசிராமன். “உன் டப்பா வாயே தொறக்கலயாம்.”

“யக்கா, மிஷினும் உன்ன மாதிரியே. ஒழைக்கும், பேரு மட்டும் வராது,” என்றாள் பக்கத்து மிஷின் பிரின்சி.

கங்கம்மா சிரிக்கவில்லை. தூணில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். மிஷின் ஓடுவதை இணையத்துக்குச் சொல்வது அதுதான். எல்லா மிஷினுக்கும் ஒன்று உண்டு. அவளுடையது மட்டும் வெள்ளியாய் மின்னியது. புதுசாய் வந்ததாயிற்றே என்று ஆயுத பூஜைக்குக் குங்குமப் பொட்டு வைத்து, சொந்தக் காசில் ஜிகினாத்தாள் வாங்கி, ஆன்டெனாவும் தெரியாதபடி சுற்றியிருந்தாள்.

பூஜை முடிந்து பத்து நாள்.

மழையில் போனை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு போனால் மணியே அடிக்காது. அது நினைவுக்கு வந்ததும் டப்பாவின் ஜிகினாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

சத்தமில்லாமல் பிய்த்துப் போடலாம். ஆனால் பழைய சிவப்பு அப்படியே நிற்கும். சொன்னாலோ, கம்பெனிச் சாமானைக் கெடுத்தவள் என்று நாளைக்கு கேட்டிலேயே நிறுத்துவார்கள்.

மணி மூன்று நாற்பது.

“சார், அது வாய மூடினது நான்தான்.” ஜிகினாவை உரித்தாள். துளசிராமனின் போனில் ஏழு பச்சையானது.

“இன்னாம்மா இப்படிப் பேஜாரு பண்ணி வெச்சிருக்க! சரி, இது இப்பத்தி பச்ச. பத்து நாளுக்கு இன்னா சாட்சி?”

“பூஜை போட்டோ. நீங்கதான டப்பா மேல கைய வெச்சுக்கினு நின்னு, குரூப்புல போட்டீங்க. தேதி இருக்குமே.”

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். துளசிராமன் படத்தைத் தேடி எடுத்தார். ஜிகினாவுக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் அவர் முகம். அனுப்பினால் அவருக்கும் கேள்வி வரும். கட்டைவிரல் திரைமேல் அசையாமல் நின்றது. கங்கம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தொன்றுக்கு, படத்தோடு பத்து நாள் வாளி மூடிக் கணக்கும் போயிற்று.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு பதில் வந்தது. “ஏழு இருக்கட்டும். டப்பாக்களின் மேல் இனி எதுவும் இருக்கக் கூடாது.”

“சார், பொட்டு?”

“அழிச்சிடும்மா.”

சேலைமேல் போட்டிருந்த கம்பெனிக் கோட்டு நுனியால் துடைத்தாள். கொஞ்சம் சிவப்பு போகவில்லை.