குட்டி விமானத்தில் தாய்மாமனுக்கு ஒரு இடம்

என் அக்கா மகன் பிரான்சில் பிறந்து வளர்ந்தவன். சின்ன விமானம் ஓட்ட உரிமம் வாங்கியிருக்கிறான். நம் பக்கத்துப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடி போய் நிற்பதில்லையா, அதுபோல அவன் விமானத்தை எடுத்துக்கொண்டு மலை பார்க்கப் போகிறான். போன கோடையில் அக்காவோடு காரைக்காலுக்கு விடுமுறைக்கு வந்திருந்தபோது, கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, போனில் இருந்ததை டிவியில் போட்டுக் காட்டினான்.

"மாமா, சின்ன பிளேன்ல பறக்கிறதுக்கு உலகத்திலேயே அழகான இடம் எதெதுன்னு பாருங்க."

முதலில் ஆல்ப்ஸ் மலை. வெள்ளை வெளேரென்று பனி, கத்தியைத் தீட்டி நிறுத்திய மாதிரி சிகரங்கள். "எவ்வளவு அழகு!" என்றாள் அக்கா. இன்ஜின் நின்றால் இதில் எங்கே இறங்குவது என்று நான் பார்த்தேன். இடமில்லை. அடுத்தது பிரான்சின் லுவார் ஆற்றங்கரை. காடு, காட்டுக்கு நடுவில் கோட்டை, கோட்டையைச் சுற்றி அகழி. அங்கேயும் இடமில்லை. அப்புறம் கடலுக்குள் ஒரு பாறை, பாறைமேல் ஒரு தேவாலயம், தண்ணீர் ஏறினால் சுற்றிலும் கடல். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு ஒன்று புரிந்தது. விழுந்தால் ஆள் எடுக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் இவர்கள் அழகு என்று பெயர் வைக்கிறார்கள்.

"சொந்த பிளேனா தம்பி?" என்று கேட்டேன்.

"க்ளப் பிளேன் மாமா. எல்லாரும் எடுப்போம்."

"அப்ப ஒனக்கு முந்தி எடுத்தவன் எதையாவது ஒடச்சுட்டுச் சொல்லாம வச்சிருந்தா?"

அவன் சிரித்தான். நாலு பேர் கூட்டாக வைத்திருக்கும் படகில் இன்ஜின் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்த்தவன் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன், ஆனால் பயப்படுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. காரைக்கால்மேட்டில் பிறந்தும் நான் கடலுக்குப் போனதில்லை. கரையில் நின்று படகுகளுக்கு ஐஸ் போடுகிறேன். காற்று கொஞ்சம் திரும்பினால் அடுத்தவன் படகு கரை சேரும்வரை வீட்டுக்குப் போகமாட்டேன். இவன் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டவனும் நான்தான். ஊசியைப் பார்த்து அவனைவிட நான்தான் அதிகம் அழுதேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

படம் முடிந்ததும் மருமகன் சொன்னான். "நம்ம டெல்டா மேல யாருமே இப்படிப் பறந்து படம் போடல மாமா. அரசலாறு கடலில் சேருற இடம், வயல்வெளி, படகுகள். நான் ஏற்பாடு பண்றேன்."

அன்று சாயந்தரத்துக்குள் செய்தி மூன்று தெருவுக்குப் போய்விட்டது. ஒருவர் தன் மாடிமேல் பறக்கச் சொன்னார், தம்பி வீட்டு மாடிமேல் பறக்கவேண்டாம் என்றும் சொன்னார். இன்னொருவர் ஒரு படி மேலே போய், நம் ஊரிலிருந்து கிளம்பி நாகப்பட்டினம் பக்கம் இறங்கினால் நடுவில் சோதனைச்சாவடி எதுவும் கிடையாதே என்று கண்ணடித்துக் கேட்டார். புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோக எங்கள் ஆட்கள் யோசிக்காத வழி கிடையாது. பால் கேனுக்கு அடுத்தபடியாக வானமும் அன்று அந்தக் கணக்கில் சேர்ந்தது.

மருமகன் பல இடங்களுக்குப் போன் போட்டான். மேற்கே வெகுதூரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி ஒப்புக்கொண்டது. ஆனால் அவனுடைய பிரெஞ்சு உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டமுடியாதாம், அவர்கள் கேப்டன்தான் ஓட்டுவாராம். கடலோரத்துக்கு வரவும் முடியாதாம். துறைமுகம் இருக்கிறது, எண்ணெய்க் கிணறு இருக்கிறது, அனுமதி வாங்க மாசக்கணக்காகும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஊரிலேயே ஒரு ஏரியையும் நாலு குன்றையும் சுற்றிக்காட்டுவார்களாம். எங்கள் ஊரின் அழகு அரசாங்க ரகசியம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். தன் மாடிமேல் பறக்கச் சொன்னவர் உடனே மருமகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

எனக்கு நிம்மதி. ஏரியைப் பார்க்க நான் எதற்கு? அந்த நிம்மதி ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை.

"எம்புள்ள நம்ம நாட்டுல மொதமொதல்ல ஏறுறான். கூட யாரு ஒக்காருவா? தாய்மாமன்தான்" என்றாள் அக்கா.

"அக்கா, எனக்கு ஏணியில ஏறுனாலே..."

"ஏணியா ஏறச் சொன்னேன்? சீட்டுலதானடா ஒக்காரச் சொல்றேன்."

அங்கேதான் மச்சானின் அண்ணன் உள்ளே வந்தார். என் மச்சானுக்குப் பாரிசில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அவருக்கு மூத்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பென்ஷனும் குளிர்க்கண்ணாடியுமாகக் காரைக்காலிலேயே இருக்கிறார். எந்த விசேஷத்திலும் முன்வரிசை நாற்காலி அவருக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் மணமக்களுக்கு முன்னால் ஒரு நாற்காலியைத் தானே போட்டுக்கொள்வார்.

"ஏம்மா, ஐஸ் விக்கிறவன ஆகாசத்துல ஏத்தி என்ன பண்ணப்போற? வழியில உருகிருவான். நான் பாராசூட்ல குதிச்சவன். நான் போறேன்" என்றார்.

பாராசூட்டில் குதித்ததாக அவர் சொல்லும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். போன பொங்கலுக்கு அது ஆப்பிரிக்காவில் இருந்தது.

"ரெண்டு பேரும் வாங்களேன்" என்றான் மருமகன். அதற்கும் கேப்டன் முட்டுக்கட்டை போட்டார். பழைய குட்டி விமானம், வெயில் காலம், எல்லோருடைய எடையையும் சரியாகச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். வீட்டு எடை மெஷினில் ஏறிய பென்ஷன்காரர், அது பொய் சொல்கிறது என்று இறங்கிவிட்டார். சரியான எடை பார்க்கவேண்டுமானால் என் ஐஸ் கொட்டகையில் மீன்பெட்டி நிறுக்கும் மெஷின் இருக்கிறது. மறுநாள் காலையில் ஏலம் நடக்கும் நேரத்தில் எல்லோரும் காரைக்கால்மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பென்ஷன்காரர் செருப்பைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். குளிர்க்கண்ணாடியையும் கழற்றி மருமகனிடம் கொடுத்துவிட்டு மெஷின்மேல் ஏறி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். மூச்சை இழுத்தால் எடை குறையும் என்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. எண் நூறைத் தாண்டி ஓடியது.

மீன் எடுக்க வந்த பெண்கள் கூடைகளை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"யாரு இந்தச் சொறாவ எறக்குனது? எந்தப் படகு?"

"இது பிரான்சு சரக்குடி. ஏத்துமதிக்கு."

"செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லு. புதுசா பழசான்னு பாத்துட்டுத்தான் ஏலம் கேப்போம்."

"பழசுதான், பாத்தாலே தெரியல? நேத்தே ஐஸ் வச்சிருக்கணும்."

அவர் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியாது, மருமகனின் காது சிவந்துபோனது. அடுத்து நான் ஏறினேன்.

"இது நெத்திலி! காத்தடிச்சாலே பறக்கும், இதுக்கு எதுக்குப் பிளேனு?"

கேப்டனிடம் போனில் எடைகளைச் சொன்னான் மருமகன். இந்த இருவரில் மெலிந்தவர் வரட்டும் என்று பதில் வந்தது. உள்ளபடி சொல்கிறேன், அந்த நேரத்தில் பென்ஷன்காரரை மறுபடி ஏறச்சொல்லி, எடை குறைவாகக் காட்டும்படி என் கட்டைவிரலால் மெஷின் தட்டின் அடியைக் கொஞ்சம் தூக்கிப்பிடித்துக் கொடுக்கலாமா என்றுதான் யோசித்தேன். நாலு பேருக்குத் தெரியாமல் செய்துவிடலாம். அவர் ஆகாசத்துக்குப் போவார், நான் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குள் அவரே பேசிவிட்டார். "ஐஸ்காரன் மெஷின்ல என்னைக்குடா சரியான எட காட்டிருக்கு?"

ஏலம் கூறியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். கரையில் ஆயுசுக்கும் தொழில் செய்கிற ஒருவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. கட்டைவிரலைப் பற்றி நான் யோசித்ததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு பக்கம் பயமாக இருந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு மச்சான்" என்றேன். "ஏறுன ஆளுதான் கூட."

பெண்கள் கைதட்டினார்கள். அவர் விடவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "சரிம்மா. மாமனே போவட்டும். போவாம பயந்து நின்னான்னு வச்சுக்க, அடுத்த வருஷம் புள்ள கல்யாணத்துல மாமன் நிக்கிற எடத்துல நான் நின்னுக்குறேன். மால எடுத்துக் குடுக்க எட பாக்க மாட்டாங்கள்ல?"

அக்கா எனக்காக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் புகுந்த வீட்டில் அவள் பக்கத்துக்கென்று நிற்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். அந்த ஒருவன் நிற்பானா என்று அவளும் என்னையே பார்த்தாள்.

"நான் போறேன்" என்றேன்.

அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு வேனில் எல்லோரும் போனோம். பென்ஷன்காரரும் வந்தார். நான் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். வழிநெடுக அறுவடை முடிந்த வயல்கள் காய்ந்து கிடந்தன. எனக்கு அவையெல்லாம் அன்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தன. பள்ளமில்லை, மரமில்லை, பாறையில்லை. தஞ்சாவூர் தாண்டும்வரை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். சின்ன விமானம் ஓட்ட உலகத்திலேயே அழகான இடம் சித்திரை மாசத்து டெல்டாதான் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

அந்த விமானத்தை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தேன். எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்தினால் டிபன் டப்பா மூடுகிற சத்தம். கேப்டன் சின்ன வயசுக்காரர், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி தூங்கினாரா என்று கேட்டேன். மருமகன் என்னைப் பின்சீட்டில் தள்ளி பெல்ட்டை மாட்டி, காதில் பேசும் கருவியையும் வைத்துவிட்டு, கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

மேலே போனது எனக்குத் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது கீழே ஏரி சின்னதாகக் கிடந்தது. ஏரியைச் சுற்றிக் குன்றுகள், குன்றுகளில் பாறைகள். கேப்டன் ஏதோ கோயிலைக் காட்டினார். நான் இறங்க இடம் தேடினேன்.

"மாமா, அழகா இருக்கா?" என்றான் மருமகன் காதுக்குள்.

"ஏரிக்கு எடதுபக்கம் ஒரு தரிசு கெடக்கு. கரண்டு கம்பி இல்ல" என்றேன்.

அவன் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தான்.

"நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் மாமா" என்றான். "எப்பவும் அதத்தான் பார்ப்பேன்."

அப்போதுதான் அவன் கைகளைப் பார்த்தேன். ஓட்ட ஒன்றும் இல்லாததால் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்திருந்தான். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"அப்ப அந்தப் பனிமலையில?"

"அங்கயும் தேடுவேன். கிடைக்காது."

"அப்புறம் எதுக்குடா அங்க போற?"

"போட்டோ நல்லா வரும் மாமா."

கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். முன்னால் பார்த்து ஓட்டுங்கள் சார் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

இவன் மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று இரண்டு குடும்பமும் இவன் பிறந்ததிலிருந்து சண்டை போட்டிருக்கிறது. எல்லாம் அப்பா பக்கம் என்று பென்ஷன்காரர் தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். உள்ளுக்குள் இருந்தது மாமன் சொத்து என்று அந்த ஏரிக்கு மேலேதான் எனக்குத் தெரிந்தது. கையை முன்னால் நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவனைத் தேற்றவா, நான் விழாமல் இருக்கவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

இறங்கியதும் பென்ஷன்காரர் முதல் ஆளாக வந்து என் வேட்டியைத்தான் பார்த்தார். நனைந்திருக்கிறதா என்று சோதனை. காய்ந்துதான் இருந்தது. வாந்திக்குக் கொடுத்த பையையும் பிரிக்காமல் கேப்டனிடம் திருப்பிக் கொடுத்தேன், பென்ஷன்காரர் பார்க்கும்படியாகக் கொடுத்தேன்.

அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். சிரித்துக்கொண்டேதான் இழுத்தாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. பிரான்சுல அவன் பறக்கப் போறப்பல்லாம் எனக்குத் தூக்கம் வராது. ரொம்பத் தைரியக்காரனா இருக்கானே, அதான் பயமா இருக்கு. நம்பி வுடலாமா?"

மருமகன் தூரத்தில் நின்று, சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினான். அங்கே அவன் நண்பர்களும், பார்த்திருக்கும் பெண்ணும், அவனை என்ன நினைத்திருக்கிறார்களோ.

"தாராளமா வுடலாம்க்கா" என்றேன். "எங்க எறங்கணும்னு தெரிஞ்ச புள்ள."

அக்கா மூச்சு விட்டாள். பிறகு திரும்பி, வேனுக்குப் பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த பென்ஷன்காரரிடம், கல்யாணத்தில் மாமன் இடத்தில் மாமனே நிற்பான், பெரியப்பாவுக்கு முன்வரிசையில் அகலமாக ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவருக்குப் புரை ஏறியது.

கல்யாண மண்டபம் பேசி முடித்துவிட்டார்கள். மேடை எவ்வளவு உயரம், படிக்குக் கைப்பிடி உண்டா, பலகை அடித்த மேடையா சிமெண்டா என்று மண்டபத்துக்காரரிடம் நான் தனியாகப் போய்க் கேட்டுவைத்திருக்கிறேன். பலகைதானாம்.