காக்காச் சோறும் மேனேஜரின் சுகரும்

மேல் வீட்டு வசந்தா அக்கா இன்று காலையில் போய்விட்டார். தூக்கத்திலேயே...

வயது அறுபத்தெட்டு. ஆனால் ஆன்ட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் பொழிச்சலூர் அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் அக்காதான்.

நேற்றுகூட லிஃப்ட் வாசலில், "மேனேஜருக்கு இன்னிக்கு சுகர் எவ்ளோ?" என்று கேட்டார். நூற்று அறுபது என்றேன். "பரவால்லையே, என்னைவிட கம்மி" என்று சிரித்தார்.

மேனேஜர் எங்கள் பூனை. நாள் முழுக்க உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்தவர் வேலை செய்வதை முறைப்பதால் அந்தப் பெயர். போன வருஷம் அதற்குச் சர்க்கரை வியாதி வந்தது.

காலை ஏழு மணிக்குக் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்க வேண்டும். பிறகு அளந்து சாப்பாடு, இன்சுலின். சாயந்திரம் ஏழு வரை வேறு எதுவும் கிடையாது.

கணவர் துண்டில் சுற்றிப் பிடிப்பார், நான் குத்துவேன். பாதி நாள் ரத்தம் வந்தது அவர் கையிலிருந்துதான்.

இவ்வளவு செய்தும் சுகர் ஏறிக்கொண்டே போனது. 290... 340... 410.

"வீட்ல யாரோ ஏதோ குடுக்கறீங்க. இப்படியே போனா இது ரொம்ப நாள் தாங்காதும்மா" என்றார் டாக்டர். நான் கணவரைப் பார்த்தேன். "சத்தியமா நான் இல்லடி" என்றார். நம்பவில்லை. இரண்டு நாள் அவருக்கே பிஸ்கட் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள், ஊசி போட்டுக்கொண்ட மேனேஜர் எட்டரை மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக நழுவியது. பின்னாலேயே போனேன். மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் மேல் இலைத் துண்டில் சூடான சோறு, பருப்பு, நெய். வசந்தா அக்கா தினமும் காக்காவுக்கு வைப்பது. நம் மேனேஜர் துரை நக்கிக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவர் இறந்து மூன்று வருஷம். இலை காலியானதைப் பார்த்துவிட்டு அக்கா எல்லோரிடமும் சொல்வார்: "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள்கூட தவறாம வந்து சாப்டுட்டுப் போறாரும்மா. இருந்தப்போகூட இவ்ளோ கரெக்ட் டைமுக்கு வந்ததில்ல."

இவரிடம் போய் எந்த வாயால் சொல்வது, வந்தது எங்கள் பூனை என்று?

ஜன்னலைப் பூட்டினேன். சுகர் இறங்கியது. ஆனால் பூனைக்குப் பயந்து போன காக்காக்கள் திரும்பி வரவில்லை. மூன்றே நாளில் அக்கா கண் கலங்கி நின்றார். "சோறு அப்படியே கெடக்கு. அவருக்கு என்ன கோவம்னு தெரியலம்மா."

மறுநாள் அவர் கீழே இறங்கியதும் மாடிக்கு ஓடினேன். எடுத்துக் கொட்டிவிடலாம் என்றுதான் போனேன். நெய் வாசனை... மனசு வரவில்லை. நானே சாப்பிட்டுவிட்டேன்.

அன்று அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதோடு நான் மாட்டிக்கொண்டேன்.

அதன்பின் தினமும் ஏழு மணிக்குப் பூனைக்கு ஊசி, எட்டரைக்கு எனக்குக் காக்காச் சோறு. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை ஆஃப் செய்துவிட்டு ஓடியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடுவேன். மேலே ஃபிளைட்டில் போனவர்கள் மட்டும் பார்த்திருக்கலாம்.

அமாவாசைக்கு வடை, பாயசம் வேறு. நாலு கிலோ ஏறிவிட்டேன். மேனேஜர் தேறிவிட்டது, எனக்குத்தான் இப்போது சுகர் பார்டர்லைன்.

"அந்த மனுஷன் பாவம்டி, அவருக்கு வர்றதையெல்லாம் நீ முழுங்கிட்டிருக்க" என்பார் கணவர்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் மாடி ஏறவில்லை. மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு போனால்... இலையில் குழைந்த சோறு. பக்கத்தில் மூடி போட்ட டம்ளரில் சூடாக மிளகு ரசம். ஒரு ஸ்பூன்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா.

போய்ட்டு வாங்க.