வெள்ளைப் பலகையும் பசையண்ணனும்

1997ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அறிவிப்புகள் ஒட்டும் சுவருக்கு முன்னால் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். பசை கலக்கும் பிரிவில் இருந்ததால் அவருக்குப் பசையண்ணன் என்று பெயர். முழங்கை வரை காய்ந்த பசை செதில் செதிலாக ஒட்டியிருக்கும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே இருப்பார். நிர்வாகத்தின் சுற்றறிக்கைகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பிழையைக் கண்டால் பேனாவை எடுத்துவிடுவேன் என்பதால் தொழிலாளர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் இலக்கணம்மா.

இனிப் புதன்கிழமைதோறும் ‘பிரெயின்ஸ்டார்மிங்’ நடைபெறும் என்பது அன்றைய அறிவிப்பு.

“அக்கா, இதை நீங்கதானே எழுதுனீங்க? பக்கத்துல மூளைப்புயல்னு போட்டிருக்கீங்க. புயல் அடிச்சா லீவு உண்டா?”

“லீவும் கிடையாது, சம்பளமும் உயராது.”

“அப்போ எதுக்குக்கா அந்தப் புயலு?”

சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் விளக்கினேன். ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடிப் பலர் கூடி, மனத்தில் தோன்றுவதையெல்லாம் தயங்காமல் எடுத்துரைப்பதே அது. பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ஒருவர் தனியே செய்தாலும் அச்சொல் பொருந்தும். எனினும், பெரும்பாலும் கூட்டாகச் செய்வதையே குறிக்கும். முடிவெடுப்பதற்கு அதனைப் பயன்படுத்துவது பிழை. முதற்பாதியில் யோசனைகளைத் திரட்டுவார்கள். எவர் சொன்னதையும் மறுக்கவோ அழிக்கவோ கூடாது. திரட்டி முடித்த பிறகு, இரண்டாம் பாதியில், எது தேறும், எது தேறாது என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்ப்பார்கள்.

“அப்போ ரெண்டாவது பாதியிலதான் வேலையே இருக்கு,” என்று சொல்லிவிட்டு, உரித்த பசையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமைகளில் உணவுக்கூடத்து மேசைகளை ஒதுக்கிவிட்டு, சக்கரம் வைத்த வெள்ளைப் பலகை ஒன்றை நடுவில் நிறுத்துவார்கள். பெட்டிகளுக்கு வரவேண்டிய ஆர்டர்கள் குறைந்துகொண்டிருந்தன. அதற்கு வழி சொல்ல வேண்டும். எழுதுவது நான். மூடியில் விரல் நுழையும் துளை வைக்கலாம் என்று பசையண்ணன் சொன்னார். பசையை இரண்டு கோடுகளுக்குப் பதில் ஒரே கோடாக இழுக்கலாம் என்றார் இன்னொருவர். வெட்டும் பிரிவிலிருந்து ஒரு குரல் எழுந்தது:

“மேனேஜரைப் பெட்டியில வச்சு ஒட்டி அனுப்பிடலாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுதாமல் நின்றேன்.

“எழுதுங்கக்கா,” என்றார் பசையண்ணன். “முதல் பாதியில எதையும் தள்ளக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அனுப்புறதா வேண்டாமான்னு ரெண்டாவது பாதியில பாத்துக்கலாம்.”

எழுதினேன். மேனேஜர் அதையும் படித்தார். எல்லாமே நல்ல யோசனைகள் என்று பாராட்டிவிட்டுத் துணியால் பலகையைத் துடைத்தார்.

“சார், ரெண்டாவது பாதி எப்போ?”

“அடுத்த வாரம்.”

ஒவ்வொரு புதன்கிழமையும் பசையண்ணன் அதையே கேட்டார்; ஒவ்வொரு புதன்கிழமையும் அதே பதில் வந்தது. தொழிற்சாலை மூடப்பட்ட நாளில், குப்பையோடு கிடந்த பலகையை அவர் தெருத்தெருவாக உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

பிறகு அவர் ஒரு கிடங்கில் காவலரானார். அவருடைய மனைவி தையற்காரர். என் உடைகளை அவர்தாம் தைத்துக் கொடுத்தார். அதனால் அந்த வீட்டுக்கு நான் போய்வருவது நிற்கவில்லை. கூடத்தில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பலகை நின்றது. மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது, ஒழுகும் கூரையை என்ன செய்வது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் பலகைக்கு முன்னால் உட்காரும். மனைவியின் தம்பி வேன் ஓட்டுபவர்; கையை வீசிப் பேசுபவர். மகள் வளர்ந்து பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். திரட்டுவதில் அக்குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. சலிப்பதற்குள் யாராவது கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

ஒரு நாள் பசையண்ணனின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. மறுவாரமும் விழுந்தது.

“இத்தனை வருஷம் கையில எல்லாம் ஒட்டிக்கிட்டே இருந்துச்சுல்ல, இப்போ எதுவும் ஒட்டமாட்டேங்குதுக்கா,” என்று சிரித்தார்.

தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அது. மருந்து இல்லை. முதலில் கைகள் போயின, பிறகு கால்கள், பிறகு பேச்சு. அறிவு மட்டும் துளியும் மங்காது என்று மருத்துவர் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பேச்சு நின்ற பிறகு, பலகையின் ஒரு பக்கத்தில் எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்தேன். மகள் விரலை நகர்த்துவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணிமைப்பார். நான் அருகில் இருந்தால் எழுத்துத் தமிழில்தான் சொற்களைக் கூட்டுவார். விகுதி வரை முழுதாக முடிக்காமல் விடமாட்டார்.

“இலக்கணம்மா வந்துட்டாங்கன்னா அப்பாவுக்கு ஒரு வாக்கியத்துக்கு ஒரு மத்தியானம் ஆகுது,” என்று மகள் அலுத்துக்கொள்வாள். அவருடைய கண்கள் சிரிக்கும்.

மழை தொடங்கியபோது மூச்சு தளர்ந்தது. மருத்துவர் வெளிப்படையாகவே பேசினார்: “கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு மெஷின் வைக்கலாம். வச்சா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆனா நோய் நிக்காது, கண்ணும் கடைசியில அசையாமப் போகலாம். வைக்கணுமா வேண்டாமான்னு இப்பவே வீட்ல பேசி முடிவு பண்ணிக்கோங்க. மூச்சு முட்டுற நேரத்துல யோசிக்க முடியாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தோம். வேனை விற்றுவிடலாம் என்றார் தம்பி. நிச்சயமாகியிருந்த தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதாக மகள் சொன்னாள். தையல் இயந்திரத்தை வீட்டு நடைக்கு மாற்றினால் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்றார் மனைவி. நான் எழுதிக்கொண்டே வந்தேன். எவருடைய யோசனையும் மெஷின் வேண்டுமா என்று கேட்கவில்லை. அதை எப்படி வைத்துக்கொள்வது என்றே எல்லாம் கேட்டன.

பசையண்ணன் எழுத்துகள் இருந்த பக்கத்தைப் பார்த்தார். மகள் பலகையைத் திருப்பி விரலை நகர்த்தினாள். ‘மெ’ என்று வந்தது.

“மெத்தையா மாமா? மெத்தை உறுத்துதா? நாளைக்கே வாங்கிட்டு வரேன்,” என்றார் தம்பி.

“கொஞ்சம் சும்மா இருங்க மாமா. அப்பா முடிக்கட்டும்.”

அடுத்த எழுத்து ‘ஷி’. மீதி எழுத்துகள் வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

மெஷின் வேண்டாம்.

“இது ஒரு யோசனையா?” என்று கேட்டார் மனைவி. “அக்கா, நீங்க இதை எழுதாதீங்க.”

பசையண்ணன் என்னைப் பார்த்தார். நான் பலகையை மறுபடி திருப்பி, தையல் இயந்திரத்தைப் பற்றிய வரிக்குக் கீழே அதை எழுதினேன்.

“அழிங்கக்கா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“முதற்பாதியில் அழிக்க மாட்டோம் அம்மா,” என்றேன். “இரண்டாம் பாதியில் பேசலாம். அவரிடமே கேட்டுப் பேசலாம்.”

“அடுத்த வாரம் பேசிக்கலாம்,” என்று தம்பி எழுந்தார்.

அடுத்த வாரம் அவருக்கு வெளியூர்ச் சவாரி. அதற்கடுத்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல். அதன்பின் நான் போனபோது, பலகை சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது; தைக்க வந்த துணிகள் அதன்மேல் தொங்கின. எவரும் எதையும் அழிக்கவில்லை. எழுத்துகளுக்காக மகள் தனியே ஓர் அட்டை செய்திருந்தாள்.

ஒரு வேலைநாளின் காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. வீட்டில் மனைவி மட்டுமே இருந்தார். முகம் நீலம் பாரித்த கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், மருத்துவமனையில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கணத்தில் அவர் மறுப்பதற்கு, முன்னதாகவே எல்லாரும் கூடி ஒரு முடிவு எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். எவரும் கொடுக்கவில்லை.

கழுத்தில் குழாயோடு பசையண்ணன் வீடு திரும்பினார். தையல் இயந்திரம் நடைக்குப் போயிற்று. மெஷின் இழுத்து விடும் மூச்சு தெருவாசல் வரை கேட்டது. வேன் விலைபோயிற்று, கல்யாணம் தள்ளிப்போயிற்று, பிறகு நின்றும்போயிற்று. கோடை முழுவதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இமைகள் நாளுக்கு நாள் கனத்தன. கேள்வி கேட்டால், பதிலுக்கு இமைத்தாரா, களைப்பில் மூடினாரா என்று மகளாலேயே சொல்ல முடியாமல் போயிற்று.

இமைகள் அப்படி ஓய்வதற்கு முன், கடைசியாக அவர் எங்களோடு பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். தம்பி மெஷினில் காற்றை ஈரப்படுத்தும் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். மகள் அட்டையை உயர்த்திப் பிடித்து விரலை நகர்த்தினாள். நான் இருந்ததால், பேச்சில் விட்டுப்போகும் ‘இ’ என்னும் முதலெழுத்தைக்கூட அவர் விடவில்லை. சொல் பாதி வந்தபோதே அது என்னவென்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மனைவியின் ஊசி நின்றது. மகளின் விரல் கடைசி எழுத்து வரை நகர்ந்தது.

“இரண்டாம் பாதி எப்போது?”