புகார் வராத துப்பாக்கி

கோமதியின் கடைசி அறிக்கை ஏற்கப்படவில்லை, நிராகரிக்கப்படவும் இல்லை. நேற்று மாலை நொய்டாவிலிருந்து தொலைபேசியில் பேசிய அவருடைய குழுத் தலைவர் நிகில் இதை உறுதிப்படுத்தினார். திங்கட்கிழமை கூட்டத்தில் அறிக்கையைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது என்றும், அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அங்கே இல்லை என்றும் சொன்னார்.

கோமதி வெள்ளிக்கிழமை காலை துவாரகாவில் தம் வீட்டில் காலமானார். வயது நாற்பத்தாறு. செய்தியைச் சொன்னவர் தங்கை சங்கரி. "அண்ணாச்சி, அக்கா போயிட்டா" என்றார். பிறகு, பேசுவது ஒரு நிருபரிடம் என்பது நினைவுக்கு வந்ததுபோல, "ஆறு மணிக்கு. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகுமுன்ன முடிஞ்சிட்டு" என்று வரிசையாகச் சொன்னார். "திங்கக்கிழமை மீட்டிங்குக்கு இனிமே யாரு போவா?" என்று சங்கரி கேட்டார்.

நம் நாளிதழின் தில்லி அலுவலகத்தில் முன்பு இருந்தவர்களுக்குக் கோமதியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா மத்திய அரசில் எழுத்தர். தில்லியில் இத்தனை வருடம் இருந்தும் வீட்டுச் சங்கரன்கோவில் பேச்சை விடாதவர். நம் நாளிதழில் அட்டவணைகள் எல்லாம் அவர் கையால் போகும்: தேர்தல் முடிவு, கிரிக்கெட் ஸ்கோர், மழையளவு. ஒரு வாக்கு எண்ணிக்கை நாளில், அச்சுக்குப் போகப் பத்து நிமிடம் இருக்கையில், ஒரு தொகுதியின் கூட்டுத்தொகை இடிக்கிறது என்று பக்கத்தை நிறுத்தினார். செய்தி ஆசிரியர் கத்தினார். கோமதி தலை நிமிரவில்லை. "கத்துங்க சார், நான் கூட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். தவறு எங்கள் பக்கம்தான் இருந்தது.

தில்லி அலுவலகம் மூடப்பட்டபோது நாங்கள் தெரிந்த வேலையையே வேறு இடங்களில் தேடினோம். அவர் நொய்டாவில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். நாலு பேர் நாலு பேராக அணி சேர்ந்து, முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. அதில் இருக்கும் துப்பாக்கிகளில் எந்த ஒன்றும் மற்றவற்றை வீணாக்கிவிடாமல் பார்ப்பது அவர் வேலை. ஒரு குண்டு எவ்வளவு காயப்படுத்தும், எத்தனை அடி போகும், அடுத்த குண்டுக்கு எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்கள் உண்டு. அந்த எண்களைக் கூட்டிக் குறைப்பவர் அவர். நம்மில் சிலர் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மாதம் ஒருமுறை கோல் மார்க்கெட்டில் ஒரு டீக்கடையில் சந்திப்போம். ஒருநாள், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கிதான் அதிகம் ஜெயிக்கிறது, அதைக் குறைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லோரும் நிற்பதாகச் சொன்னார்.

"எண் அப்படித்தானே சொல்கிறது?" என்றேன்.

"நல்லா சமைக்கவ கையில இருக்க கரண்டியப் புடுங்கிட்டா சமையல் கெட்டுருமா அண்ணாச்சி? அவ வேற கரண்டியில சமைப்பா. ஸ்னைப்பர எடுக்கவன் பூராவும் நல்லா ஆடுதவன். ஜெயிக்கது அவன்; பேரு துப்பாக்கிக்கு."

பிறகு தம் போனை என் கையில் கொடுத்து, அதே ஸ்னைப்பரை வைத்து ஆடச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை செத்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாபுஜி, சாவதற்கு என்ன ஜல்தி?" என்றார். கோமதி குறித்துக்கொண்டே இருந்தார். "உங்கள மாதிரி ஆளு ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல. அதான் அங்க கஷ்டம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் நான் செத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"துப்பாக்கி நல்லதா கெட்டதான்னு கேக்காதிய. எந்த இடத்துல, யாரு கையிலன்னு கேளுங்க." இதை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைச் சொன்னவரே ஒருமுறை அதைக் கேட்கத் தவறினார். இந்த அஞ்சலியை நான் எழுதுவது முக்கியமாக அதைப் பற்றித்தான்.

சென்ற ஆண்டு, பெரிய போட்டிகளில் ஆடும் அணிகளிடமிருந்து ஷாட்கன் மேல் புகார்கள் குவிந்தன. ஷாட்கன் ஓர் அறையின் நீளத்துக்குத்தான் உதவும். மெதுவாகச் சுடும், ஆனால் கிட்டத்தில் ஒரே குண்டு போதும். கதவோரம் ஒளிந்திருப்பவன் சுலபமாக ஜெயிக்கிறான், திறமைக்கு மதிப்பில்லை என்றார்கள். கோமதி எண்களைப் பார்த்தார்; ஒரு குண்டு போதும் என்றிருந்ததை இரண்டு வேண்டும் என்றாக்கினார். இரண்டாவது குண்டு வருவதற்குள் எதிராளியின் ரைபிள் வேலையை முடித்துவிடும். இரண்டு வாரத்தில் புகார்கள் நின்றன. அலுவலகத்தில் பாராட்டி மின்னஞ்சல் வந்தது. ஷாட்கன் இப்போது அளவாக இருக்கிறது என்று எழுதிக் கோப்பை மூடினார்.

சில மாதங்கள் கழித்து, காய்கறிப் பையோடு தம் அடுக்குமாடிச் சொசைட்டி வாயிலைக் கடக்கும்போது, காவலாளி சேகர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். சேகருக்கு முப்பது வயது இருக்கும். பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள்; அவர் தில்லியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. சாப்பாட்டு வேளையில் இதே விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பவர்.

"என்ன சேகர், ஆடலியா?"

"வுட்டுட்டேன் மேடம். ஷாட்கன்ன காலி பண்ணிட்டானுங்க."

"வேற துப்பாக்கி எடுக்க வேண்டியதுதான?"

சேகர் தம் போனை நீட்டினார். கோமதி பையைக் கீழே வைத்துவிட்டு ஆடிப் பார்த்தார். அந்த மலிவான போனில் திரை விட்டுவிட்டு நகர்ந்தது. ஓடுகிற எதிராளி இங்கே மறைந்து அங்கே முளைத்தான். ரைபிள் என்றால் ஆளைத் தொடர்ந்து குறிவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அது முடியவில்லை. மூன்று முறை முயன்றார்.

"ஷாட்கன்னா ஒரே வாட்டி திரும்பினா போதும் மேடம். கதவாண்ட நின்னா அவனே எதிர்ல வருவான். எங்க ஜுக்கி குடிசைங்கள்ல எல்லாருக்கும் இந்த மாதிரி டப்பா போனுதான். எங்க டீம் நாலு பேரும் ஒண்ணா வுட்டுட்டோம்."

"கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கலாமே?"

"இங்கிலீஷ்ல எழுதணும். எழுதினாலும் எவன் படிப்பான்? பேக்கார் மேடம், வேஸ்டு."

அன்று மாலை கோமதி கோல் மார்க்கெட்டுக்கு வந்தார். முன்னால் வைத்த டீயைத் தொடவில்லை. "புகாரே இல்லன்னு ஃபைல மூடினேன் அண்ணாச்சி. இவன் புகார் சொல்லல, ஆளே போயிட்டான். போனவன் எதுக்குப் புகார் சொல்லுதான்?" என்றார். குறைத்தது தாம்தான் என்று சேகரிடம் சொன்னாரா என்று கேட்டேன். அந்தக் கம்பெனியில் வேலை என்பதை மட்டும் சொன்னாராம். உடனே சேகர், "அப்ப விசாரிச்சு சொல்லுங்க மேடம், எவன் ஷாட்கன்ன வெட்டினான்னு" என்றிருக்கிறார். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார்.

முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"வெறுங்கையோட போயி மன்னிப்பு கேக்கச் சொல்லுதியளா? திருப்பிக் கொடுத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் நீங்களும் எழுதிராதிய."

வரிசை தவறு என்று எனக்குப் பட்டது. அதையும் சொன்னேன். கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு விஷயங்களோடு போட்டிபோட்டார். விளையாட்டின் அடுத்த புதுப்பிப்பில் சேர்க்க வேண்டிய மாற்றங்கள் முடிவாகும் நாள் ஒன்று. நகர அளவில் யாரும் சேரக்கூடிய ஒரு போட்டி இன்னொன்று. அவரவர் போனில் ஆடலாம், அந்தப் புதுப்பிப்பில்தான் நடக்கும். ஷாட்கன் திரும்பி வந்தால் மட்டும் பெயர் கொடுப்பது என்று சேகரின் அணி முடிவு செய்திருந்தது. மெட்ரோ படிகளில் கோமதி நடுவில் நின்று நின்று ஏறியதை அந்த நாட்களில் பார்த்தேன். உடம்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அறிக்கை எதுவரை வந்தது என்றுதான் கேட்டேன்.

இரண்டு ஞாயிறுகளுக்கு முன், நண்பகலில், சொசைட்டியின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு சோதனை நடந்தது. நான் உடனிருந்தேன். சேகர், அவர் மச்சான் முருகன், அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்யும் கலா, பெயின்டர் ஒருவர் என நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தார்கள். எதிரணி நொய்டா அலுவலகத்தில், நல்ல போன்களோடு. நிகிலின் அனுமதியோடு சோதனைக்கான பதிப்பை நாலு பேர் போனிலும் கோமதி ஏற்றியிருந்தார். முதல் மூன்று ஆட்டம் இப்போதுள்ள ஷாட்கன்னோடு. மூன்றிலும் எதிரணியில் ஒருவரைக்கூட வீழ்த்தவில்லை.

அடுத்த மூன்றும் பழைய ஷாட்கன்னோடு.

"முருகா, கதவ வுட்டு நவுராத. ரேஷன் கடை க்யூவுல நிக்கறன்னு நெனச்சிக்க" என்றார் கலா.

"க்யூவுல நின்னா எப்பவும் நீதான் பூந்து போவ."

"வாயி மட்டும் ஆட்டோமேட்டிக். படியப் பாரு, படியப் பாரு."

மூன்றில் ஒன்றை ஜெயித்தார்கள். அந்த ஒரு ஆட்டத்தின்போது கோமதி என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சேகர் சொன்னார்: "இத வெட்டினவன் ஒரே ஒரு நாள் நம்ம போன்ல ஆடிப் பாக்கணும் மேடம்."

"ஆடிப் பாத்தாச்சு சேகர்" என்றார் கோமதி. சேகருக்கு அது புரியவில்லை. யார் என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் நிகிலின் அழைப்பு வந்தது.

பழைய துப்பாக்கியிலும் மூன்றில் இரண்டு தோல்விதானே, என்ன வித்தியாசம் என்பது நிகிலின் கேள்வி. கோமதி இந்தியில் பதில் சொன்னார், பிறகு எனக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னார்: "தோக்கது வேற, ஆட முடியாமப் போறது வேற. தோத்தவன் நாளைக்கும் வருவான்."

அறிக்கையின் முதல் வரியை நேற்று தொலைபேசியில் நிகில் எனக்குப் படித்துக் காட்டினார்: ஷாட்கன்னைக் குறைத்தது என் முடிவு, அது தவறு. பெரிய அணிகளின் புகாருக்கும் அதில் வழி சொல்லியிருக்கிறார். கதவோரத்தில் ஒரு குண்டு போதும் என்று பழையபடி ஆக்குவது. கதவைத் தாண்டிச் சில அடி போனதும் இப்போது இருப்பதைவிடவும் பலவீனமாக்குவது. எத்தனை அடி என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை வெள்ளிக்கிழமை அளந்து எழுதுவதாக இருந்தார். திங்கட்கிழமை கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். அளவு சேகர் அணியின் போன்களில்தான் எடுக்கப்பட வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். எடுக்க நிகில் தயார். நாலு பேரையும் வரும் ஞாயிற்றுக்கிழமை அழைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்.

அழைப்பதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சங்கரியிடம் கேட்டேன். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அவ இருந்தா இன்னும் தள்ளிப் போட்டிருப்பா" என்றார். இன்று காலை துவாரகா போய், இதுவரை நீங்கள் படித்த பகுதியைச் சேகரிடம் வாசித்துக் காட்டினேன். கோமதியின் இறுதிச் சடங்குக்கு விடுப்பு எடுத்து வந்து, கடைசிவரை நின்றவர் அவர். கேட்டு முடித்ததும் வாயிலில் இரண்டு கார்களுக்குக் கதவு திறந்துவிட்டு வந்தார். குறைத்தது யார் என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஞாயித்துக்கெழம ஜெனரேட்டர் ரூம் பின்னாடி, எங்க பக்கத்துலயே உக்காந்து தண்ணி ஊத்திக் குடுத்தாங்க சார். அப்பக்கூட சொல்லல."

"சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்ல நினைத்தார்."

"அது அவங்க கணக்கு." பிறகு சொன்னார்: "நான் எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா அவங்க எதிர்லயே? அச்சா, அச்சான்னு கேட்டுக்கினு நின்னாங்க."



எனக்கென்று கோமதியிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. 'அப்பகுதி மக்களிடமிருந்து எதிர்ப்பு எதுவும் வரவில்லை' என்ற வரியை என் செய்திகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அது உண்மைதான். யாராவது கிளம்பிப் போயிருந்தார்களா என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. இனி அந்த வரிக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நிலுவையில் இருப்பவை: காலியாக இருக்கும் அந்த எண், வரும் ஞாயிறு நண்பகலில் அளக்கப்படும். அறிக்கை மீதான முடிவு அதற்கடுத்த புதன்கிழமை மாலைக்குள் தெரியும் என்கிறார் நிகில். போட்டிக்குப் பெயர் கொடுக்க அதற்கு மறுநாள், வியாழன், கடைசி நாள். நாலு பேரும் வருவார்களா என்று சேகரிடம் கேட்டேன்.

"வருவோம் சார். எங்க போனு இல்லாம அவங்க எப்டி அளப்பாங்க" என்றார். பிறகு, "மேடத்த திட்ட வேண்டியது பாக்கி இருக்கு. புதன்கெழம வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார்.