வேணி அக்காவுக்குச் சொன்ன நிறங்கள்

போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டுத் தொலைபேசி காலை வேளையில் ஒலிப்பது அரிது. போன மாதம் ஒரு நாள் அது ஒலித்தபோது, கொடியில் போடவிருந்த ஈரத் துணியோடு ஓடிப்போய் எடுத்தேன். பேசியது மாலதி, வேணி அக்காவின் தங்கை மகள். "ஆன்டி, பெரியம்மா போயிட்டாங்க" என்றாள். கட்டியிருந்த புடவையோடு கிளம்பி ரயில் ஏறினேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்காவின் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. அவருடன் வேலை செய்தவர்கள், வெள்ளைக் கோல்களோடு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வந்த நண்பர்கள், அவர் நாளும் தோசை வாங்கும் கடைக்காரர், வாடகைக் கார் ஓட்டும் சீனர் ஒருவர் என எல்லாரும் வந்திருந்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரும் அங்கே நின்றிருந்தீர்கள். அன்று யாரிடமும் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கமலவேணி என்பது அவருடைய முழுப்பெயர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வையை இழந்தவர். படித்து, பயிற்சி பெற்று, கோலாலம்பூரில் ஒரு காப்புறுதி (இன்சூரன்ஸ்) அலுவலகத்தின் தொலைபேசிப் பலகையில் அமர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். எழுபதுகளின் கடைசியில் நான் கிள்ளானிலிருந்து பேருந்தில் வந்து அதே அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். என்னைவிட அவர் சில வயதுதான் மூத்தவர்.

அவர் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொலைபேசியில் இரண்டு முறைக்கு மேல் "ஹலோ" சொல்பவர்களின் இணைப்பைத் துண்டித்துவிடுவார். மேலாளர் கண்டித்தால், "விஷயம் இருக்குறவன் மறுபடி கூப்பிடுவான் சார்" என்பார். உடுத்துவதில் ஆசை அதிகம். உதட்டுச் சாயம் பூசாமல் அவர் வேலைக்கு வந்து நான் கண்டதில்லை. முதல் நாள் மதிய இடைவேளையில் என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன கலர் கட்டியிருக்கே?" என்பதுதான்.

"பச்சை" என்றேன்.

"பச்சையில எத்தனையோ இருக்கு லா. எந்தப் பச்சை?"

நான் குனிந்து என் புடவையைப் பார்த்தேன். அதைக் கடையில் வாங்கிய நாளில்கூட அப்படிப் பார்க்கவில்லை. "வாழைக்குருத்து விரியுமே, அந்தப் பச்சை" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஏழு வயதுவரை கண்டிருந்த நிறங்களை அவர் ஒன்றுகூட விடாமல் வைத்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் நட்பு தொடங்கியது.

அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான நிகழ்ச்சி எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பார்வையற்ற பெண்களுக்கான ஒரு பயிற்சிக்கூடத்தில் வேணி அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி வேலை கற்றுக்கொடுத்துவந்தார். அங்கே தட்டச்சு இயந்திரங்கள் பழுதாகிக் கிடந்தன. புதியவை வாங்கித் தர ஒரு மாதர் சங்கம் முன்வந்தது. அதற்காக நகரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஆடை அலங்கார மாலை நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். தாதியர், ஆசிரியைகள், கல்லூரி மாணவிகள் பட்டு உடுத்தி மேடையில் நடப்பார்கள். பார்ப்பவர்கள் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள். ஒவ்வொரு புடவையையும் ஒலிபெருக்கியில் அறிமுகப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. கோயில் விழாக்களில் அறிவிப்புச் செய்த அனுபவம் எனக்கு இருந்ததால், அக்காதான் என் பெயரைச் சொல்லியிருந்தார்.

ஒத்திகை நாளன்று அக்கா தம் மாணவிகளையும் அழைத்து வந்தார். நிகழ்ச்சி முடிவில் அவர்கள் மேடையேறி இயந்திரங்களைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். அதுவரை முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் எழுதி வைத்திருந்ததைப் படிக்கத் தொடங்கினேன். "இதோ பாருங்கள், கண்ணைக் கவரும் காஞ்சிபுரம். இங்கே பாருங்கள், இன்னோர் அழகு." ஐந்தாறு புடவைகள் இப்படியே போயின. முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சுசீலா, பாக்குறவங்களுக்கு உன் மைக் எதுக்கு? அவங்கதான் பாக்குறாங்களே."

நான் இறங்கி அவர் அருகில் போனேன். "அக்கா, இந்தப் பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்குப் பிறவியிலேயே பார்வை இல்ல. கலர் சொன்னா என்ன புரியும்?"

"கனம் சொல்லு. நடக்கும்போது என்ன சத்தம் வருதுன்னு சொல்லு. கரை எவ்வளவு அகலம், மடிப்பு எப்படி விழுதுன்னு சொல்லு. கலரும் சொல்லு. அதை அவங்க எப்படி வெச்சுக்குறாங்கங்கிறது அவங்க பாடு."

அத்தோடு விட்டிருந்தால் அவர் வேணி அக்கா இல்லை. நடப்பவர்கள் ஒருமுறை மேடையைவிட்டு இறங்கி வந்து, மாணவிகள் புடவையைத் தொட்டுப் பார்க்க நிற்க வேண்டும் என்று கேட்டார். புடவைகளை இரவல் கொடுத்த துணிக்கடை முதலாளி அங்கேயே நின்றிருந்தார். "எல்லாம் விக்கிற சரக்கும்மா. ஆளாளுக்குக் கை வெச்சா அப்புறம் யார் வாங்குவாங்க?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். கவலைப்பட்டார், அவ்வளவுதான்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "கடைக்கு வர்றவங்க எல்லாரும் தொட்டுப் பாத்துதானே அண்ணே வாங்குறாங்க? எங்க கையில மட்டும் என்ன ஒட்டியிருக்கு?"

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அரசு விருதுப் பட்டம் பெற்றவரின் மனைவி என்பதால் எல்லாரும் டத்தின் என்று அழைக்கும் சங்கத் தலைவி, சங்கடத்தோடு சிரித்து, "அடுத்த முறை பாத்துக்கலாம் வேணி" என்றார். அக்கா எழுந்துகொண்டார். "அப்படின்னா மெஷினை லோரியில அனுப்பிவிடுங்க டத்தின். நாங்க படத்துக்கு வரல."

பயிற்சிக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மையார் எங்கள் பின்னாலேயே வந்தார். வெளியே நடைவழியில் அவர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு மெஷின் வேணுமா வேணாமா? இவங்க கோவிச்சுக்கிட்டா நான் யார்கிட்ட போவேன்?" அக்காவுக்கும் பயம் இருந்தது. என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. "வேணும்மா. இந்தப் பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்கணும். ஆனா மண்டபத்துல இருக்குற எல்லாருக்கும் நடக்குற நிகழ்ச்சி எங்களுக்கு மட்டும் நடக்காதுன்னா, நாங்க எதுக்கு அங்க உக்காந்திருக்கணும்?" என்றார். கதவருகே டத்தின் நின்றிருந்ததை நான் மட்டும்தான் கண்டேன். அவர் உள்ளே திரும்பிவிட்டார்.

நிகழ்ச்சி நாளன்று என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. முந்தின நாள் டத்தின் அக்காவுக்கு ஃபோன் செய்து, "வாங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்கா அரக்கு நிறப் பட்டில் வந்தார். நான் புதிதாக எழுதியதைப் படித்தேன். "இது கனமான பட்டு. தோளில் போட்டால் ஒரு கை அழுத்துவதுபோல இருக்கும். நடந்தால் காய்ந்த இலை மிதிபடுவதுபோல் மெல்லச் சரசரக்கும்." மண்டபத்தில் அப்படி ஓர் அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. மைக்கைப் பட்டின் அருகே பிடித்தேன். அந்தச் சரசரப்பு கடைசி வரிசைவரை போனது.

மூன்றாவதாக நடந்தவர் ஒரு தாதி. அவர் மேடை விளிம்பில் நின்று டத்தினைப் பார்த்தார். டத்தின் தலையை அசைத்தார். தாதி படியிறங்கி வந்து, முன்வரிசையில் முதலில் இருந்த பெண்ணின் கையில் முந்தானையைக் கொடுத்தார். அஞ்சலை என்ற அந்தப் பெண் ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். அவள் விரல்கள் சரிகையில் மெதுவாக நகர்ந்தன. திடீரென்று, "அக்கா, இதுல மயில் இருக்கு!" என்று கத்திவிட்டாள்.

நான் ஒலிபெருக்கியில், "ஆமாம், மயில் இருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன்" என்றேன். மண்டபம் முழுவதும் சிரித்துக் கைதட்டியது. அதன் பிறகு வந்த எல்லாரும் படியிறங்கினார்கள். துணிக்கடை முதலாளி சுவரோரம் கடைசிவரை இறுக்கமாக நின்றார். அந்தப் புடவைகளில் ஒன்றாவது விற்காமல் போனதாக நான் கேள்விப்படவில்லை.

இயந்திரங்களைப் பெற்றுக்கொண்டு கீழே இறங்கியதும், "இப்ப சாப்பிடப் போறோம். நல்ல இடத்துல" என்று அக்கா அறிவித்தார். மாணவிகளுக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். டத்தின் தம் காரையும் சங்கத்தின் வேனையும் கொடுத்து, தாமும் வருவதாகச் சொன்னார். புக்கிட் பிந்தாங் பக்கம் மேசை விரிப்புப் போட்ட ஒரு சீன உணவகத்துக்குப் போனோம். பரிமாறும் இளைஞர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவைக் காட்டி, "டியா மாவு மாக்கான் அப்பா?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். அவருக்கு என்ன சாப்பிட வேண்டுமாம் என்பது கேள்வி. நான் வாயைத் திறக்குமுன் அக்கா அவரைப் பார்த்துத் திரும்பி, "டியா மாவு கெத்தாம்" என்றார். அவருக்கு நண்டு வேண்டுமாம்! இளைஞர் காது சிவந்து, பிறகு தாமும் சிரித்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு மாணவியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நண்டு வந்தது. மாணவிகள் கையை மடியிலேயே வைத்திருந்தார்கள். மேலே சிந்திக்கொள்வோம், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் அவர்களுக்கு. "பயப்படாதீங்க. நண்டைச் சிந்தாம சாப்பிட்டவங்க யாரும் கிடையாது" என்று சொல்லி அக்கா முதல் ஓட்டை உடைத்தார். சாறு தெறித்து அவருடைய அரக்குப் பட்டில் விழுந்தது. நான் சொன்னேன். "விடு" என்றார். எதிரே டத்தின், மோதிரம் அணிந்த விரல்களால் நண்டின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திணறினார்.

"இங்க கொடுங்க டத்தின்" என்று கையை நீட்டினார் அக்கா. உடைத்து, சதையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

டத்தின் கையைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க நடைவழியில சொன்னதைக் கேட்டேன் வேணி. தூக்கமே வரல" என்றார்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருப்பேன்" என்றார் அக்கா. மேசை முழுவதும் சிரித்தது. டத்தினும்தான். அந்த நட்பு கடைசிவரை இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் சவப்பெட்டியின் தலைமாட்டில் அமர்ந்திருந்த வயதான அம்மாள் அவர்தான். அஞ்சலையும் வந்திருந்தாள். இப்போது ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர்.

அந்த மாலைக்குப் பிறகு அக்காவுக்கு எதையாவது சொல்வதே என் வேலையாகிவிட்டது. தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் என் தோளைப் பிடித்து ஏறுவார். ஒவ்வொரு காவடியையும் நான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கி நான் "அழகா இருக்குக்கா" என்று முடித்துவிட்டால் அப்படியே நின்றுவிடுவார். பின்னால் வரும் கூட்டம் முட்டும். "அழகுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ என்ன இருக்குன்னு சொல்லு" என்பார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். உடல் பாதியாகியிருந்தது. உதட்டுச் சாயம் மட்டும் இருந்தது. மாலதி பூசிவிட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டார். மரம் இருக்கிறது, வானம் நீலமாக இருக்கிறது என்றேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"நேத்தும் இதையேதான் சொன்னே. நீ வெளியே பாக்கவே இல்ல. அழுதுக்கிட்டு இருக்கே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றேன். எதிரே தாதியர் விடுதியின் மாடியில் துணிகள் காய்ந்தன. மழை வரும்போல் இருந்தது. ஒரு பெண் ஓடிவந்து எல்லாவற்றையும் அள்ளினாள். ஒரு ரவிக்கை நழுவிக் கீழே பறந்தது. செம்பருத்தி வாடத் தொடங்கும்போது வருமே, அந்தச் சிவப்பு. அது சுவரில் ஒருமுறை ஒட்டி, விலகி, கார் ஒன்றின் கூரையில் விழுந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எடுத்துட்டாளா?" என்று கேட்டார்.

"இறங்கி வர்றாக்கா. இப்ப எடுத்துட்டா."

"சரி" என்றார். சிரித்தார். பிறகு உறங்கிவிட்டார்.

இறுதிச் சடங்கு முடிந்து ரயிலில் திரும்பினேன். எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் சட்டை ஈயம் தேய்ந்ததுபோல் ஒரு சாம்பல் நிறம். கழுத்தில் மட்டும் புதிதாகத் தைத்த வெள்ளைப் பட்டி. என்னையறியாமல் அதைச் சொல்லி உதடு அசைந்திருக்கிறது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். வேணி அக்கா எனக்கு விட்டுப்போனது இதுதான். கேட்க ஆள் இல்லை. ஆனாலும் எதையும் சும்மா கடந்துபோக இனி என்னால் முடியாது.