ஒன்றாக எழுந்தவர்கள்

அக்கா இறந்த பிறகு அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவளுடைய வேகத்தைத்தான் சொல்கிறார்கள். புத்தகம் தைக்கும் பட்டறையில் மற்றவர்கள் இரண்டு தைப்பதற்குள் அவள் மூன்று தைத்துவிடுவாள்.

முதலாளி தொழிலைக் கைவிட்டபோது அங்கே வேலை செய்த பெண்களே பட்டறையை எடுத்து நடத்தினார்கள். விதியைச் சொன்னவள் அக்கா. யார் எவ்வளவு தைத்தாலும் கூலி ஒன்று. அன்றைய கட்டுகள் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகத்தான் எழ வேண்டும்.

நான் அப்போது கல்லூரியில் அரசியல் தத்துவம் படித்துக்கொண்டிருந்தேன்.

"வாய்ப்பு சமமா இருந்தா போதாதா அக்கா? முடிவும் சமமா இருக்கணுமா?"

"கை நடுங்குறவளுக்கும் எனக்கும் ஒரே ஊசியக் குடுத்துட்டா சமமாயிடுமாடி?"

கை நடுங்குகிறவள் அவர்களில் மூத்தவள்; எல்லோருக்கும் பெரியக்கா. பழைய முதலாளி அவளை வேலையைவிட்டு நிறுத்தப் பார்த்தவர். இப்போது அவள் மேசையில் மிஞ்சுவதை அக்கா பேசாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.

பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாலைப் பள்ளியில் வயது வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வேறு வருடம் கிடையாது. வகுப்பு ஐந்து மணிக்கு. அவளுடைய பங்கு நாலுக்கே முடிந்துவிடும். பட்டறை முடிய ஏழாகும். முன்னதாகக் கிளம்பட்டுமா என்று மற்றவர்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"படிச்சுட்டு வந்து எங்கள மேய்க்கப் போறியாக்கும்," என்றாள் பசை தடவுகிறவள்.

"போயிட்டு வாடி. நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?" என்றாள் பெரியக்கா.

அக்கா போனாள். அன்று இரவு சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தால், எல்லா மேசைகளிலும் தைக்காத கட்டுகள் ஒரே உயரத்தில் இருந்தன. மீதியைச் சமமாகப் பங்கு போட்டு அவளுடைய மேசையிலும் வைத்திருந்தார்கள்.

"ஏன்டி முடிக்கல?"

"நீ எழுந்த, நாங்களும் எழுந்துட்டோம்," என்றாள் பசைக்காரி. "நீ மட்டும் முன்னாடி போனா நீ ஒசத்தி, நாங்க மட்டம்னு ஆயிடாதா? உன் விதியத்தான காப்பாத்துனோம்."

"கட்டு குடுத்த அச்சகக்காரர் வந்து கேட்டா?"

"சேந்தே திட்டு வாங்குவோம்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அக்காவுக்குத் துணை நின்றதாகவே நினைத்திருந்தாள். பெரியக்காவின் முகத்தில் சிரிப்பு. "வெளிச்சம் இருக்கறப்பவே வீட்டுக்குப் போனேன்டி. என் பேரன் என்னை அடையாளம் தெரியாம பாக்குறான்."

அச்சகக்காரர் வந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதியை எடுத்துவிடலாம் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுக்க ஆளில்லை. எடுத்துவிட்டால் அவரவர் முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். பெரியக்கா மட்டும் விளக்கடியில் தனியாகத் தைத்துக்கொண்டிருப்பாள். எடுக்காமல் அக்கா வகுப்புக்குப் போனால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள், வேலை கையைவிட்டுப் போகும். அப்போதும் வேறெங்கும் வேலை கிடைக்காதவள் பெரியக்காதான். இரண்டு பக்க வாதங்களையும் படித்திருந்த எனக்கும் மூன்றாவது வழி ஒன்றும் தோன்றவில்லை.

அன்று ஐந்து மணிக்கு நான் பட்டறைக்குப் போனேன். அக்கா தன் இடத்தில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். பெரியக்காவின் மேசையிலிருந்து ஒரு கட்டு அவள் பக்கம் வந்திருந்தது.

"வகுப்பு?" என்றேன்.

"மெதுவாப் பேசு," என்றாள் தலை நிமிராமல். "வகுப்பு நின்னுபோச்சுன்னு சொல்லியிருக்கேன். பெரியக்கா காதுல விழப்போகுது."