வாசம் வந்துட்டா?

போன ஞாயிற்றுக்கிழமை வெந்தயம் கருகும் வாசனையில்தான் விழித்தேன். அடுக்களைக்கு ஓடினால், அடுப்புக்கு முன்னால் அப்பா. தோளில் துண்டு, கையில் கரண்டி, மூக்குக் கண்ணாடி ஜன்னல் விளிம்பில். வாணலியில் வெந்தயம் காபிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது. அவரோ நிதானமாக வறுத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"வாசம் வந்துட்டா?"

அந்த நொடியில்தான் பொறி தட்டியது. அப்பாவுக்கு மூக்கே வேலை செய்யவில்லையோ?

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு அப்பாவைத் தெரியும். ஹைதராபாத்தில் ஒரு தொழிற்சாலை (பெயர் வேண்டாமே!), அதில் பிளேட்டிங் ஷாப். இரும்புச் சாமான்களை அமிலத் தொட்டியில் முக்கி, பளபளவென்று குரோமியம் ஏற்றும் இடம். ஆறு நாள் தொட்டி, ஏழாம் நாள் அடுப்பு. எங்கள் குவார்ட்டர்ஸில் மற்ற அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைத் துடைப்பார்கள். எங்கள் அப்பா மசாலாவை வறுத்து இடித்து, திருநெல்வேலி இடிசாம்பார் வைப்பார்.

அதில் ஒரு சட்டம் உண்டு. அன்றையச் சமையல் முதலில் முருகன் படத்துக்கு. அதுவரை ஒரு சொட்டுகூட யார் நாக்கிலும் படக் கூடாது. அப்படியானால் உப்பு, உறைப்பு, பதம் எல்லாம் எதை வைத்துச் சொல்வது? மூக்கை வைத்துத்தான்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்கிற பெண் சும்மா இருப்பாளா? அன்று மத்தியானமே நான்கு பவுடர் டப்பாக்களைத் தயார் செய்தேன். பெருங்காயக் கட்டி, காபித்தூள், கிராம்பு, கற்பூரம்.

"ஏட்டி, என்ன வித்தை காட்டுதே?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் அப்பா.

"கண்ணை மூடிக்கிட்டு, மோந்து பாத்துச் சொல்லணும்ப்பா."

முதல் டப்பா... "பெருங்காயம்." சரி! இரண்டாவது காபித்தூள், சரி. கிராம்பு, சரி. கற்பூரம், அதுவும் சரி. நூற்றுக்கு நூறு! தங்கை கை தட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பாவைப் போய்ச் சந்தேகப்பட்டோமே?

ஆனால்... ஒவ்வொரு டப்பாவும் மூக்குக்குப் போகும் வழியில் காதருகே லேசாகக் குலுங்கியதே? பெருங்காயக் கட்டி உருண்டால் ஒரு சத்தம், கற்பூர வில்லைக்கு வேறு சத்தம். கிராம்பு சலசலத்தால் இன்னொரு சத்தம். சத்தமே இல்லையென்றால், தூள்.

எனக்கு அங்கேயே நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. உள்ளே போய், பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து ஐந்தாவது டப்பாவில் வைத்துக் கொண்டு வந்தேன். திறந்ததும் எட்டத்தில் இருந்த தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா குலுக்கினார். சத்தம் இல்லை. ஆழமாக மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"காபித்தூள்" என்றார். "புதுத்தூளு."

யாரும் சிரிக்கவில்லை. தங்கைக்கு இந்த ஊர் உருதுதான் சட்டென்று வரும். "கைக்கு ஜூட் போல்ரே அப்பா?" என்றாள். ஏன் பொய் சொல்றீங்க...

அப்பா கண்ணைத் திறந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தார்.

காய்ச்சலில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள். "படிச்ச படிப்புக்கு தகப்பனுக்கே பரீட்சை வைக்கியாட்டி நீ?"

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா குனிந்து, தரையிலிருந்த டப்பாவை மூடினாள். எனக்கே புரிந்தது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அப்பாவுக்குப் பக்கத்தில் காய் நறுக்குகிற சாக்கில் உட்கார்ந்து, 'வாசம் வந்துட்டு, இறக்குங்க' என்று முணுமுணுப்பாளே... அதைக் கொஞ்சல் என்று நினைத்து இந்தப் பத்தியிலேயே கேலி செய்திருக்கிறேன். இத்தனை நாளும் அந்தச் சாம்பாருக்கு மூக்கு அம்மாதான். அன்று அவள் படுக்கையில் கிடந்தாள், வெந்தயம் கருகியது.

"டாக்டர்ட்ட போலாம்ப்பா."

"போயி? சார்ஜ்மேன் பிரமோஷன் வரப்போவுது. இப்பச் சொன்னா லைட் டூட்டின்னு ஸ்டோர்ஸ்ல உக்கார வச்சிருவான், பிரமோஷன் போயிரும். வருஷா வருஷம் கண்ணைப் பாக்கான், காதைப் பாக்கான். மூக்கை எவன் பாத்தான்?" கொஞ்சம் நிறுத்தி, சிரிக்க முயன்றார். "எங்க ஷாப்புல புதுசா வாரவன்தாம்ட்டி மூக்கைப் பொத்துவான். நாத்தம் தெரியலைன்னாதான் சீனியர்."

அது அங்கே ஜோக்காம்.

கல்லூரி லேபில் கண்ணாடிக் குழாய் கழுவுவது அப்பாவின் தொட்டியில் இருக்கிற அதே ஆரஞ்சு நிறக் குரோமிக் அமிலத்தில்தான். சின்ன பாட்டில். அதைத் திறக்கவே ஜன்னல் பக்கம் போகச் சொல்வார்கள். அப்பா பதினாறு வருடமாக ஒரு தொட்டியின் மேல் குனிந்து நிற்கிறார். மூன்று வருடம் கெமிஸ்ட்ரி படித்த எனக்கு இது ஏன் உறைக்கவே இல்லை? மார்க் வாங்குகிற புத்திக்கு வீட்டுக்குள் வேலையே இல்லையோ?

மூன்று நாள் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. வியாழக்கிழமை காலை, ஷூவுக்கு லேஸ் கட்டியபடி, தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்த டப்பாவை எல்லாம் தூரப் போட்டுட்டியா?"

"இல்லப்பா."

"வச்சிரு. ஞாயித்துக்கிழமை எங்க ஷாப்பு ஆளுக ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். அவனுகளும் மோந்து பாக்கட்டும். ஒருத்தன் போயிச் சொன்னா ஸ்டோர்ஸுக்கு அனுப்பிருவான். ஏழு பேரு சேந்து போனா..." முடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சாம்பாருக்கு மல்லி வாங்கி வைத்துவிட்டாள். பக்கத்தில் அவளே உட்காரப் போகிறாள், இந்த முறை சாக்குச் சொல்லாமல்.

நானும் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். ஆனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் பஞ்சில் சுற்றித்தான் உள்ளே வைக்கப்போகிறேன். எவ்வளவு குலுக்கினாலும் ஒரு டப்பாவும் சத்தம் போடாது.